எட்டு கூட்டல் பூஜ்யம்

உன் லேப்டாப்பைத் திருப்பிப் போட்டபோது அடியில் நீ ஒட்டிய பிளாஸ்திரி அப்படியே இருந்தது. காயத்துக்குப் போட மருந்துக்கடையில் வாங்குகிற வெள்ளைத் துணிப் பிளாஸ்திரி. ஓரம் அழுக்கேறிச் சுருண்டிருந்தது. அதன்மேல் நீலப் பேனாவில் உன் கோணல் கையெழுத்து: 4+6. மூக்கருகே கொண்டுபோனால் அந்தப் பசையின் மருந்து வாசனை இன்னும் வந்தது. அதை முகர்ந்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து தண்ணீர் குடிக்கிறேன், வாசல் வரை போகிறேன், எதற்குப் போனேன் என்பது மறந்து திரும்பி வருகிறேன். வீட்டில் திட்டு விழுகிறது. உனக்கு எழுதினால்தான் இது அடங்கும் போலிருக்கிறது பாய்.

கடைசி வரை உன்னைப் பாய் என்றுதான் கூப்பிட்டேன். நீ என்னைச் சாமி என்பாய். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவன் எவனாக இருந்தாலும் உனக்குச் சாமிதான். நெற்றியில் நான் ஒன்றும் இட்டுக்கொள்வதில்லை என்று சொன்னாலும் விடமாட்டாய். தென்னூரில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, ஊரார் வேண்டாமென்று ஒதுக்கிய கம்ப்யூட்டர்களுக்கு லினக்ஸ் போட்டு மறுபடி ஓடவைக்கும் கடையைப் பதினோரு வருஷம் நடத்தினோம். அதில் பாதி வருஷங்கள் ஒரே விஷயத்துக்காகச் சண்டை போட்டிருக்கிறோம். ஒரு மிஷினுக்கு ஸ்வாப் எவ்வளவு வைப்பது?

கடைக்கு வந்தவர்களுக்கு நீ அதை விளக்குகிற விதம் எனக்கு இப்போதும் மனப்பாடம். நம் மேஜையைக் காட்டுவாய். "இதுதாங்க ரேம். கைக்கு எட்டுற இடம்." பிறகு மேலே பரணைக் காட்டுவாய். "அதுதாங்க ஸ்வாப். மேஜை நெறைஞ்சு போச்சுன்னா, இப்போதைக்கு வேண்டாததைத் தூக்கிப் பரண்ல வைக்கிறோம்ல? மிஷினும் அப்படித்தான், ஹார்ட் டிஸ்க்ல ஒரு ஓரத்துல எடுத்து வச்சுக்கும். ஏறி எடுக்க நேரம் ஆகும். ஆனா பொருள் பத்திரமா இருக்கும்." விளக்கி முடித்து, வேலையும் முடிந்த பின் பிளாஸ்திரியைக் கிழித்து மிஷினில் ஒட்டி இரண்டு எண்ணை எழுதுவாய். முதல் எண் ரேம், இரண்டாவது ஸ்வாப். அடுத்த முறை திறக்காமலே தெரியவேண்டும் என்பது உன் கணக்கு.

ஆரம்பத்தில் எனக்கு ஒரு சூத்திரம் இருந்தது: ரேமைப்போல இரண்டு மடங்கு. ரேம் மலிந்து மேஜை பெரிதான பிறகு எனக்குத் திமிரும் பெரிதானது. எட்டு ஜிபி இருக்கிறவனுக்குப் பரண் எதற்கு, சும்மா டிஸ்க்கைத் தின்னும், மிஷின் இழுக்கும் என்று சொல்லிப் பூஜ்யமே வைக்க ஆரம்பித்தேன். உனக்கு இரண்டு சூத்திரமும் கிடையாது. நீ போய் உட்காருவாய், அவ்வளவுதான்.

சமயபுரம் லாட்ஜ் ஞாபகம் இருக்கிறதா? வரவேற்பறையில் இரண்டு ஜிபி கிழட்டு மிஷின். அரை மணியில் முடித்துவிட்டு வெயிலுக்கு முன்னால் திரும்பிவிடலாம் என்று நான் குதித்துக்கொண்டிருந்தேன். நீயோ அங்கே வேலை செய்த அக்காவுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம் கதை பேசினாய். குலதெய்வம் வரை கேட்டாய். கிளம்பும்போது என்னிடம் மட்டும் சொன்னாய்: "ரூம் எடுக்க வர்ற ஒவ்வொருத்தர் ஆதாரையும் அந்தக்கா தொறந்து பாக்குது. ஒண்ணையும் மூடல. திருவிழா அன்னிக்கு நூறு பேர் வந்தா நூறும் தொறந்தே இருக்கும்." ஆறு வைத்தாய். இரண்டுக்கு ஆறு! வழி நெடுக நான் சிரித்தேன். திருவிழா முடிந்து அந்த அக்கா போன் பண்ணி, மிஷின் ஆமையாக ஊர்ந்ததாம், ஆனால் ஒருமுறைகூட நிற்கவில்லையாம் என்று சொன்னதை நீ எனக்குக் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாய்.

அதெல்லாம் விளையாட்டு. எடமலைப்பட்டி புதூர் விளையாட்டில்லை.

அங்கே இருந்த டீச்சரம்மா வீட்டிலிருந்தபடி வினாத்தாள் தொகுப்புகளைத் தட்டச்சு செய்து கொடுப்பவர். அந்த மிஷினை முழுக்க அமைத்தது நான். எட்டு ஜிபி ரேம், ஸ்வாப் பூஜ்யம். பிளாஸ்திரியில் என் கையாலேயே 8+0 என்று எழுதி, பெருமையாக ஒட்டிவிட்டு வந்தேன். அவர் என்னென்ன திறந்து வைப்பார் என்று கேட்கவில்லை. ஒப்படைக்க வேண்டிய நாளன்று காலையில் மேஜை நிறைந்தது. பரண் இல்லை. அப்படி ஆனால் மிஷின் இருப்பதிலேயே பெரிய வேலையை எடுத்து வெளியே எறிந்துவிடும், எச்சரிக்கைகூடக் கொடுக்காது. அவருடைய இரண்டு நாள் உழைப்பு ஒரு நொடியில் போனது. போனில் அந்த அம்மா அழுதார். நான் ரிசீவரை உன்னிடம் தள்ளினேன்.

நீ பைக்கை எடுத்துக்கொண்டு போனாய். கையெழுத்துப் பிரதியைப் பார்த்து நீ படிக்க அவர் அடிக்க, அவர் கை வலித்தால் நீ அடிக்க, மாலைக்குள் முடித்துக் கொடுத்துவிட்டு வந்தாய். நான் உன்னிடம் கேட்ட முதல் வார்த்தை என்ன தெரியுமா? தெரியாமல் என்ன, உனக்கு நன்றாகத் தெரியும். "அந்தம்மா நடுவுல சேவ் பண்ணியிருக்கணும்ல?" என்றேன். நீ ஹெல்மெட்டைக் கழற்றி மேஜையில் வைத்தாய்.

"சேவ் பண்ணாதவங்களுக்குத்தான் சாமி நாம வேணும். பண்றவங்க அவங்களே பாத்துக்குவாங்க."

"அப்ப தப்பு என்மேலன்னு சொல்லிட்டு வந்தியா?"

"இல்ல. நான்தான் அப்படி வச்சிட்டேன்னு சொல்லிட்டு வந்தேன்."

அந்தப் பதிலுக்கு நான் உன் காலைப் பிடித்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. நீ என்னைச் சின்னவனாக்கிவிட்டாய் என்று தோன்றியது. அந்த மாதக் கடைசியில், இனி வீட்டிலிருந்தே புத்தக வடிவமைப்பு வேலை பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக் கடையிலிருந்து விலகினேன். வந்துபோய்க்கொண்டுதான் இருந்தோம், டீ குடித்தோம், நோன்புக் கஞ்சி வாளி ஸ்ரீரங்கம் வரை வந்தது. ஆனால் தப்பு என்னுடையது என்று உன்னிடமும் சொல்லவில்லை, அந்த அம்மாவிடமும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக என் வாதத்தைத்தான் வளர்த்தேன். என் வீட்டு மிஷினும் 8+0 தான், வெளியே பிளாஸ்திரி ஒட்டியே வைத்திருந்தேன். எத்தனை பெரிய புத்தகத்தைத் திறந்தாலும் நிற்காது. இடையில் ஒரு காலம் அடிக்கடி நின்றுபோனது உண்மைதான். என் மகள் கல்யாண அலைச்சலில் அதை உன்னிடம் ஒரு வாரம் விட்டேன். "உள்ள பூராத் தூசி சாமி, எடுத்துட்டேன், இனிமே நிக்காது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாய். நிற்கவில்லை. "பாத்தியா, தூசிதான் வில்லன், ஸ்வாப் இல்ல" என்று உன்னிடமே பீற்றிக்கொண்டேன். நீ டீயை ஊதிக்கொண்டிருந்தாய்.

நீ போன செய்தி வந்ததும் ஓடிவந்தேன். கடைக்குக் கிளம்பி, செருப்பை மாட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். அடக்கம் முடிந்து வந்தவன், அதன்பிறகு உன் வீட்டுப் பக்கம் போகவில்லை. உன் வீட்டம்மா இத்தாவில் இருந்தார். நான்கு மாதம் பத்து நாள் வெளியாட்களைப் பார்க்காமல் இருக்கவேண்டிய அந்தக் காலம் முழுக்க உன் லேப்டாப்பும் அவருடைய பீரோவில் துணிகளுக்கு நடுவே இருந்திருக்கிறது. போன வாரம் இத்தா முடிந்ததும் போன் வந்தது.

"அண்ணே, புள்ளைக்கு வேலை கெடச்சிருக்கு. வீட்ல இருந்தே பாக்குற வேலை. திங்கக்கெழம சேரணும். அவங்க அத்தா லேப்டாப்பையே சரி பண்ணிக் குடுத்துருங்கண்ணே. பழசெல்லாம் அழிச்சுட்டுப் புதுசா போட்டுக் குடுங்க. எனக்கு அதைப் பாக்க முடியல."

முந்தாநாள் காலை ஒன்பது மணிக்கு உன் கூடத்தில் இருந்தேன். உன் மகள் எதிரே உட்கார்ந்திருந்தாள். உன்னைப்போலவே காலை மடக்கிக்கொண்டு நாற்காலியில் ஏறி உட்காருகிறாள். பேட்டரி செத்துப்போயிருந்தது, சார்ஜர் இருந்தால்தான் உயிர். என் பென் டிரைவைச் செருகி அதிலிருந்து மிஷினை எழுப்பினேன். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடும் திரை வந்தது. அதில் ஒரு கட்டம்: ஸ்வாப் எவ்வளவு? காலியாக, கோடு துடித்துக்கொண்டு நின்றது. பழக்க தோஷம், பூஜ்யத்தின் மேல் விரல் போய்விட்டது. அப்போதுதான் மேலே இருந்த பட்டியலைப் பார்த்தேன். உன் ஆறு ஜிபி ஸ்வாப்புக்கு எதிரே வழக்கமான சொல் இல்லை. வேறு ஒரு குறி இருந்தது. அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். மிஷின் அணைக்கப்படவில்லை, தூங்க வைக்கப்பட்டிருக்கிறது.

நீ எந்தக் காலத்தில் ஷட் டவுன் செய்திருக்கிறாய்! மூடியைச் சாத்துவாய், அவ்வளவுதான். மேஜைமேல் இருந்த மொத்தத்தையும் மிஷின் அள்ளிப் பரணில் வைத்துவிட்டுத் தூங்கும், திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதற்காகத்தான் உனக்கு நாலுக்குமேல் ஆறு. அன்று காலை செருப்பு மாட்டும் முன் மூடியைச் சாத்தியிருக்கிறாய். நீ திறந்து வைத்தது எல்லாம் நாலு மாதமாக அந்த ஆறு ஜிபிக்குள் கிடந்திருக்கிறது. இன்னொரு முறை விரலை அழுத்தியிருந்தால் போயிருக்கும். பென் டிரைவைப் பிடுங்கி மிஷினை அணைத்தேன். என் பென் டிரைவ் எந்த ஸ்வாப்பையும் தொடாது, வீம்புக்கு நான் அப்படி அமைத்தது. வேறு யாருடையதாக இருந்தாலும், கண்ட பரணில் ஏறி இருந்ததையெல்லாம் கீழே தள்ளியிருக்கும்.

உன் மகளிடம் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"அப்ப அத்தா பாத்துக்கிட்டு இருந்தது அப்படியே வருமா மாமா? இப்பவே தொறங்க."

"வரும்னு நெனைக்கிறேன்மா. ஆனா ஒரே ஒரு தடவைதான். வந்துட்டா பரண் காலி. அந்த நேரத்துல கரண்ட் போச்சுன்னா..."

"ஐயோ, இன்னிக்கு இந்த ஏரியா முழுக்க கரண்ட் கட்டு மாமா. ஒம்பதே முக்காலுக்குப் போனா நாலு மணிக்குத்தான்."

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது முப்பத்தைந்து. பத்து நிமிடம் இருந்தது. உன்னிடம் கேட்டிருந்தால் 'பொறு சாமி' என்றுதான் சொல்லியிருப்பாய், அதனால் மூடி வைத்தேன்.

அந்த ஆறேழு மணி நேரத்தை எப்படித் தள்ளினேன் என்று கேட்காதே. ஸ்ரீரங்கம் போய்த் திரும்பலாம் என்று பஸ் ஸ்டாப்பில் நின்றேன், ஒன்றாம் நம்பர் வந்தது, ஏறவில்லை. உழவர் சந்தையில் நுழைந்து தேவையில்லாமல் ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்கினேன். நம் பழைய மாடி அறைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன், இப்போது அங்கே தையல் வகுப்பு நடக்கிறது. தெப்பக்குளம் வரை நடந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன். உள்ளே என்ன இருக்கும்? முடிக்காத பில்லா, ஏதாவது வீடியோவா, மகளுக்கு எழுதிய கடிதமா? ஒன்றும் இல்லாமல் போனால் அந்தப் பிள்ளையின் முகத்தை எப்படிப் பார்ப்பது? டிஸ்க் பழசு, எழும்பாமலே போனால்? கத்தரிக்காயைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றினேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

நாலரைக்குக் கரண்ட் வந்தது. நானும் உன் மகளும் உட்கார்ந்தோம். பார்க்க முடியாது என்று சொன்ன உன் வீட்டம்மாவும் கதவோரம் வந்து நின்றார். பட்டனை அழுத்தினேன். கறுப்புத் திரை. டிஸ்க்கின் சின்ன விளக்கு விட்டு விட்டு எரிந்தது. பிறகு எந்தச் சத்தமும் இல்லாமல் உன் திரை வந்து நின்றது. மேல் மூலையில் நீ போன நாளின் காலை எட்டே கால். ஒரு நொடிதான். உடனே இன்றைய நேரத்துக்குத் தாவிவிட்டது. உன் வீட்டம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

பதினாலு ஜன்னல் திறந்து வைத்திருந்தாய். கிரிக்கெட் ஸ்கோர், தொழுகை நேரம், கீபோர்டு விலை, விரால் மீன் குழம்பு வைக்கும் வீடியோ பாதியில். எல்லாவற்றுக்கும் அடியில் பெயரே வைக்காத, சேவே பண்ணாத ஒரு எழுத்துக் கோப்பு. எத்தனை மாதமாகத் திறந்தே கிடந்ததோ. மகள் அதை வாய்விட்டுப் படித்தாள்.

"சமயபுரம் லாட்ஜ் ரெண்டு ப்ளஸ் ஆறு, அக்கா எதையும் மூடாது. உழவர் சந்தை ஜெராக்ஸ் நாலு ப்ளஸ் ரெண்டு, பையன் சுத்தக்காரன், அப்பப்ப மூடிடுவான். புதூர் டீச்சரம்மா எட்டு ப்ளஸ் எட்டு..."

"எட்டு ப்ளஸ் பூஜ்யம்மா" என்றேன்.

"இல்ல மாமா, எட்டு ப்ளஸ் எட்டுன்னுதான் இருக்கு. பக்கத்துல எழுதியிருக்கு பாருங்க. 'வெளி பிளாஸ்திரி மாத்த வேண்டாம், சாமி எழுதுனது, இருக்கட்டும்.'"

அவள் அடுத்த வரிக்குப் போனாள். சட்டென்று நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"மாமா, இது உங்களைப் பத்தி. படிக்கட்டுமா?"

"படிம்மா."

"சாமி வீட்டு மிஷின் எட்டு ப்ளஸ் நாலு. தூசின்னு சொல்லியிருக்கு. சொல்லக் கூடாது."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "எங்க வீட்டுக்கு வர்றப்பல்லாம் ஸ்வாப் இல்லாமயே ஓடுதுன்னு சொல்லுவீங்களே மாமா! அத்தா தலையை ஆட்டிக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருப்பாங்களே!" சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. உள்ளேயிருந்து அம்மா வந்து என்னடி என்று கேட்க, அவளும் படித்துக் காட்ட, அவரும் சிரித்துவிட்டார். நாலு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பாம், மகள்தான் பிறகு சொன்னாள். என் மானம் போனது, பரவாயில்லை.

கோப்பை சேவ் பண்ணச் சொன்னேன். பெயர் கேட்டது. அவள் யோசிக்காமல் 'பிளாஸ்திரி' என்று அடித்தாள். என் பென் டிரைவில் ஒன்று, அவள் போனில் ஒன்று எடுத்து வைத்தோம். பிறகு ஒவ்வொரு ஜன்னலாக அவளே மூடினாள். மீன் குழம்பை மட்டும் கடைசிவரை பார்த்துவிட்டு மூடினாள். அதற்குப் பின்னும் நான் அழிக்கவில்லை. நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, வேலையில் என்னென்ன திறக்க வேண்டியிருக்கும், மீட்டிங் நடுவில் என்ன பார்ப்பாய், மூடுகிற பழக்கம் உண்டா என்று கேட்டேன். முக்கால் மணி நேரம் ஆனது. உன்னைப்போலத்தான், எதையும் மூடமாட்டாள். நாலுக்கு எட்டு வைத்தேன். புதிதாகப் போட்டு முடித்து, உன் பிளாஸ்திரியைப் பிய்க்க மனம் வராமல், அதன் பக்கத்தில் இன்னொன்று ஒட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றவில்லை. என் மிஷினின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். கல்யாணத்துக்கு முன் நீ மூடியது, அதன்பிறகு நான் திறந்ததே இல்லை. திரையில் ஸ்வாப்பைக் காட்டும் வரியைக்கூட, இல்லாததை எதற்குப் பார்ப்பது என்று நானே மறைத்து வைத்திருந்தேன். தகட்டின் உட்பக்கம் சின்னதாய் ஒரு பிளாஸ்திரி: 8+4. மறைத்த வரியைத் திரும்பக் கொண்டுவந்தேன். அந்த நாலில் மூன்றுக்குமேல் நிறைந்திருந்தது. அன்று நான் திறந்து வைத்திருந்த புத்தகத்தின் பாதி உன் பரணில் இருந்தது. இத்தனை வருஷமும் அப்படித்தான் இருந்திருக்கிறது. தரையிலேயே உட்கார்ந்து அழுதேன் பாய். வெட்கப்பட்டு அழுதேன்.

ஒரே ஒருமுறை "இந்தா பார்டா" என்று காட்டியிருக்கலாமே. நான் உன்னிடம் வந்து பீற்றியபோதெல்லாம் டீயை ஊதாமல் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. கோபமாகத்தான் இருக்கிறது. சொல்லியிருந்தால் அன்றே கடைக்கு வருவதை அடியோடு நிறுத்தியிருப்பேன் என்றும் தெரிகிறது. அதுவும் உனக்குத் தெரிந்துதான் இருந்திருக்கும். என் பக்கத்திலும் நாற்காலி போட்டு உட்கார்ந்தவன்தானே நீ.

வெளியே இருந்த 8+0-ஐக் கிழித்துப் போட்டுவிட்டேன். உள்ளே இருப்பதைத் தொடவில்லை. இன்னொரு 8+0 பாக்கி இருக்கிறது. காலையில் டீச்சரம்மாவுக்குப் போன் பண்ணினேன். குரலை அடையாளம் கண்டுகொண்டு, "சொல்லுங்க சார், பாய் எப்படி இருக்காங்க?" என்றார். அவருக்குச் செய்தியே தெரியவில்லை. நேரில் வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அவரிடம் இரண்டு விஷயம் சொல்லவேண்டும். நீ இல்லை என்பது ஒன்று. அன்று தப்பு செய்தது நீ இல்லை, நான் என்பது இன்னொன்று. எதை முதலில் சொல்வதென்று தெரியாமல்தான் காலையிலிருந்து வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

சட்டைப் பையில் பிளாஸ்திரிச் சுருளும் நீலப் பேனாவும் இருக்கின்றன. புதூருக்குப் பத்தரை பஸ். இந்தக் கடிதத்தை நான் சேவ் பண்ணவில்லை, மூடவும் இல்லை. திறந்தபடியே இருக்கட்டும். போயிட்டு வரேன் பாய்.